படக்காரியின் முப்பத்தெட்டுப் படங்கள்

எடைக்காரருக்குத் தன் தங்கை மேல் ஒன்பது வருஷமாக ஒரு மனத்தாங்கல். வெளியே சொன்னால் சின்னப்பிள்ளைத்தனம் என்று சிரிப்பார்கள். அதனால் சொன்னதில்லை, உள்ளுக்குள்ளேயே வைத்துப் பொருமிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்த மனுஷன் அவர். அந்த மனுஷனை, தலை நரைக்கத் தொடங்கிய வயதில், சுமை இறக்குகிறவர்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, கூடப்பிறந்தவளே நிற்க வைத்துப் பரீட்சை வைத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பார். மாசத்துக்கு ஒரு தடவை, தவறாமல்.

கம்பெனியின் பின்வாசலில் எடை மேடை. அதை ஒட்டி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. லாரி காலியாக வரும்போது ஒரு எடை, சரக்கோடு போகும்போது ஒரு எடை, இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டுச் சீட்டு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பின்சக்கரம் கோட்டுக்கு வெளியே நின்றால் மேடை போடுகிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒரு முழம் முன்னால எடுய்யா" என்பார். அந்த விஷயத்தில் அவர் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது. எழுத்துதான் ஆகாது. எழுத்தைப் பார்த்தால் அது ஒரு இடத்தில் நிற்காமல் எறும்பு மாதிரி ஊரும் அவருக்கு.

தங்கை மாடியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தாள். அங்கிருந்து கையில் ஒரு அட்டையோடு இறங்கி வருவாள். அட்டையில் ஒரு படம் இருக்கும். அதற்குக் கீழே இருக்க வேண்டிய பெயரைக் கத்தரித்து எறிந்திருப்பாள்.

"அண்ணா, இது என்ன, சொல்லு."

"லாரி நிக்குது பாப்பா. அப்புறம் வா."

"லாரி எங்கயும் ஓடிப் போகாது. பாத்ததும் என்ன தோணுதோ அதச் சொல்லு. யோசிக்காத."

"அவரு யோசிச்சு நாங்க பாத்ததே இல்லக்கா" என்பான் சுமை இறக்குகிறவர்களில் ஒருவன். மேடையே சிரிக்கும்.

ஒரு தடவை குடை ஒன்றைக் காட்டினாள். "மழை பேஞ்சா அமுக்கணும்" என்றார் இவர். விபத்துக் காப்பீட்டுப் படிவமாம் அது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாசம் கையில் கட்டுப் போட்ட ஒரு ஆளின் படத்தோடு வந்தாள். "அடிபட்டவன். கம்பெனிக்கு எழுதிக் குடுக்கறான்" என்றார். "சரி!" என்று அவள் கத்தினாள், வாத்தியார் மார்க் போடுகிற மாதிரி. அந்த "சரி"தான் இவருக்கு முள்ளாகக் குத்தும். இன்னொரு தடவை அச்சு எந்திரத்தின் படத்தைப் பார்த்து "ரொட்டி சுடற பெட்டி" என்று சொல்லப்போக, மூன்று மாசம் ரொட்டிக்கடை முதலாளி என்றே அவரைக் கூப்பிட்டார்கள்.

இத்தனையும் எதற்கு என்றால், அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் ஒரு பக்கம் உண்டு. கடை அலமாரி மாதிரி. வேலைக்கு வேண்டிய புரோகிராம் எல்லாம் வரிசையாகக் கட்டம் கட்டமாக இருக்கும். யாரையும் கெஞ்ச வேண்டாம்; வேண்டியதை நீங்களே அமுக்கி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்னப் படம், கீழே ஆங்கிலத்தில் பெயர். புரோகிராமை விற்றவன் கொடுத்த படம் எல்லாம் ஒரே அச்சு: நீலச் சதுரம், நடுவில் ஒரு எழுத்து. படித்தவனுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கோ எல்லாம் ஒன்றுதான். அவள் அந்த அலமாரிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதும் அந்த நீலச் சதுரங்களை எடுத்துவிட்டுத் தானே வரைந்து போட ஆரம்பித்தாள். உள்ளே வருகிற சரக்குக்கு லாரியின் முகம். வெளியே போகிற சரக்குக்கு லாரியின் முதுகு. உடைந்த சரக்குக்கு வாய் பிளந்த பெட்டி. விடுப்புக்கு ஆள் இல்லாத நாற்காலி. மேலே உள்ளவர்கள் கிண்டலாகப் "படக்காரி" என்றார்கள். கீழே உள்ளவர்கள் அதையே மரியாதையாகச் சொன்னார்கள்.

படக்காரி பிறந்தபோது இவருக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நீராவியில் நின்றாள். அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. பிள்ளை இவர் இடுப்பில்தான் வளர்ந்தது. நாலு வயதில் அது எழுத்துக் கூட்ட ஆரம்பித்தது. பஸ் நிறுத்தத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, வருகிற பஸ்ஸின் பலகையைப் படித்து, "அண்ணா, இது நம்ம பஸ் இல்ல" என்று நிறுத்தும். பதினாறு வயதுத் தடியன், நாலு வயதுக் குட்டி சொன்னால்தான் பஸ் ஏறுவான். அப்போது அதில் அவருக்கு வெட்கம் தெரியவில்லை. வெட்கமெல்லாம் பின்னால்தான் வந்தது.

அவள் படித்தாள், கம்ப்யூட்டர் வேலைக்கான இரண்டு வருஷப் படிப்பை முடித்தாள், கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பூட்டு பழுது பார்க்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். பிள்ளை குட்டி இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று இவர்தான் கம்பெனி வாசலைக் காட்டினார். சேர்ந்த முதல் நாள் எடை அறைக்கு ஓடிவந்து, "அண்ணா, மேடையில ஏறி நிக்கட்டுமா?" என்று கேட்டாள். லாரிக்கான மேடை; அவள் ஏறி நின்றபோது முள் அசையவே இல்லை. "கம்பெனி கணக்குல நீ ஆளே இல்ல பாப்பா" என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. எட்டு மாசம். முதல் நாலு மாசம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அப்புறம் கம்பெனி மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தாள். அப்புறம் அதுவும் இல்லை.

இவர் ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். யாராவது ஆறுதல் சொல்ல வந்தால், "லாரி நிக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆள் இல்லாத சமயத்தில் அலமாரிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வார். எதையும் அமுக்கமாட்டார். வாய் பிளந்த பெட்டி, லாரியின் முதுகு, கட்டுப் போட்ட ஆள் எல்லாம் அப்படியே இருந்தன. அவள் கையால் ஆனது அவர் கைக்கெட்டும் தூரத்தில் வேறு ஒன்றும் இல்லை.

முப்பத்தெட்டுக் கட்டங்களில் முப்பத்தேழில் படம் இருந்தது. கடைசிக் கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடந்தது. அது அவள் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது சேர்த்தது. எடை அறைக் கம்ப்யூட்டரின் கேபிள் லாரி அதிர்வில் ஆடி ஆடி, பாதி நேரம் இணைப்பே இருக்காது. கட்டம் வந்ததோடு இணைப்பு அறுந்தது; கடைசிப் படம் இங்கே வந்து சேரவில்லை. மாடியில் போய்ப் பார்த்திருக்கலாம். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். பார்த்துவிட்டால் அவளிடமிருந்து புதிதாக வர வேண்டியது ஒன்றும் மிச்சம் இருக்காது.

அவள் போய் ஏழாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, மாடியிலும் கிடங்கிலும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் படங்கள் காணாமல் போயின. முப்பத்தெட்டும் சாம்பல் கட்டம். கிடங்கில் ஒருவன் விடுப்பு எழுதுகிறதாக நினைத்து விபத்துப் படிவத்தை அமுக்கித் தொலைக்க, பாதுகாப்பு அதிகாரி முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேரோடு ஓடிவந்தார். "அடி எங்கய்யா பட்டுது?" என்று கேட்டால், அவன் "மச்சினிக்குக் கல்யாணம் சார்" என்று முழித்தான்.

கம்ப்யூட்டர் பிரிவில் அவளோடு வேலை பார்த்தவர் ஒரு பெரியவர், ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி. எதைக் கேட்டாலும் "டிக்கெட் போடுங்க" என்பார், அதாவது புகாரைக் கம்ப்யூட்டரில் பதிவு பண்ணுங்கள் என்று. அதனால் அவர் பெயரே டிக்கெட் ஆகிவிட்டது. அன்றைக்குப் பதினொரு மணிக்கு டிக்கெட் எல்லார் போனுக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பினார். ஒருமுறை காட்டிய படத்தை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அந்த நகல் கெட்டுப்போயிருக்கலாம். ஆகவே எல்லாரும் அதைத் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள், புதிதாகப் படம் வந்துவிடும். எங்கே அமுக்க வேண்டும் என்று சிவப்பு அம்புக்குறி போட்டு விளக்கமும் வைத்திருந்தார்.

எடை அறையில் முப்பத்தேழும் பழுதில்லாமல் தெரிந்துகொண்டிருந்தன. கேபிள் ஆடியது நல்லதாகப் போயிற்று. மேலே நடந்தது இந்த எந்திரத்துக்கு இன்னும் தெரியாது. இவர் பேசாமல் இருந்திருந்தால் போதும். ஆனால் ஒரு ஓட்டுநரைவிட்டு அறிவிப்பைப் படிக்கச் சொன்னபோது, "புதிதாகப் படம் வந்துவிடும்" என்ற இடத்தில் அவர் மனசு நின்றுவிட்டது. அந்த முப்பத்தெட்டாவது கட்டம். இன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று திடீரென்று தோன்றிவிட்டது.

கேபிளை இறுக்கிச் சொருகினார். அம்புக்குறி காட்டிய இடத்தில் ஒவ்வொன்றாக அமுக்கினார். ஒரு அடி பிசகவில்லை. அணைத்துப் போட்டார். திரை வெளுத்து, அலமாரி திறந்தது. முப்பத்தெட்டும் சாம்பல்.

கொஞ்ச நேரத்தில் வரும் என்று உட்கார்ந்திருந்தார். வெளியே மூன்று லாரி ஹாரன் அடித்தது.

மறுநாள் காலை டிக்கெட்டே படியிறங்கி எடை அறைக்கு வந்தார். அவர் கீழே வந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காரணத்தப் புடிச்சிட்டேன்" என்றார். "படம் கெட்டுப்போகல. படத்தோட அளவுலயும் கோளாறு இல்ல. மத்தவங்க எல்லாம் படத்த அலமாரிக்குள்ளயே ஏத்திடுவாங்க. உங்க தங்கச்சி ஏத்தல. படத்தத் தன் பேர்ல இருந்த ஃபோல்டர்ல வச்சிக்கிட்டு, அலமாரிக்கு அதோட விலாசத்த மட்டும் குடுத்திருக்கா. அவ கணக்க மூடி நாப்பத்தஞ்சு நாள் ஆச்சு. நாள் முடிஞ்சதும் மெஷினே ஃபோல்டர அழிச்சிடும். ஞாயித்துக்கெழம அழிச்சிடுச்சு."

"எதுக்கு சார் அப்படி வச்சா? அவளுக்குத் தெரியாததா?"

"தெரியும். உள்ள ஏத்திட்டா ஒரு படத்த மாத்தறதுக்கு அரை நாள் வேல. மறுபடி அனுமதி வாங்கணும், மறுபடி எல்லா மெஷினுக்கும் அனுப்பணும். ஃபோல்டர்ல இருந்தா அங்க மாத்தினா போதும், எல்லா எடத்துலயும் மாறிடும். நீங்கதான் அடிக்கடி மாத்த வைப்பீங்களாமே?"

"நானா?"

டிக்கெட் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஒவ்வொரு புரோகிராமுக்கும் குறிப்பு எழுதற எடம் ஒண்ணு இருக்கு. யாரும் எழுத மாட்டாங்க. அவ எழுதியிருக்கா, கேளுங்க." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "குடை. அண்ணன் மழைன்னு சொன்னார். மாத்தணும். கட்டுப் போட்ட ஆள். அண்ணன் பாத்தாச்சு, சரி. அச்சு எந்திரம். அண்ணன் ரொட்டின்னார். தப்பு என்மேல, பெட்டி மாதிரிதான் வரைஞ்சிருக்கேன். நாற்காலி. அண்ணன் பாத்தாச்சு, சரி. இப்படியே முப்பத்தேழும். மேல அதிகாரிங்க சரின்னு சொன்னாலும் உங்ககிட்ட காட்டாம இதுல ஒண்ணையும் அவ போடல."

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடையில் ஒரு லாரி ஏறியது. பின்சக்கரம் கோட்டுக்கு வெளியேதான் நின்றது. இவர் ஒன்றும் சொல்லவில்லை.

"முப்பத்தெட்டாவது?" என்றார்.

"அது வேலைய விட்டுப் போறவங்க கம்பெனிப் பொருளத் திருப்பிக் குடுக்கற படிவம். அவளே அத நிரப்ப வேண்டியிருந்துச்சு இல்லையா, அப்ப வரைஞ்சிருக்கா. குறிப்புல 'அண்ணன்கிட்ட காட்டணும்'னு மட்டும் இருக்கு."

"என்ன படம் சார் அது?"

"நான் பாக்கல. மேல எல்லாரையும் கேட்டுட்டேன். தெனம் கண்ணு முன்னால இருந்தும் ஒருத்தனும் கவனிக்கல. நாங்க பேரப் படிச்சு அமுக்கற ஆளுங்க."

"இன்னொரு எடத்துல நகல் எடுத்து வைப்பீங்களே?"

"தனி ஆளோட ஃபோல்டருக்கு எடுக்கறதில்ல. எடம் பத்தாதுன்னு நிறுத்திட்டாங்க. அவ வீட்டுல ஏதாவது?"

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் அரம் தேய்க்கிற சத்தம் நின்றது. "எல்லாத்தையும் ஆஃபீஸ் மடிக்கணினியிலதான் வரைவா மச்சான். அதத் திருப்பிக் குடுத்தாச்சே. என்கிட்ட அவ கையெழுத்துகூட இல்ல" என்றார் மாப்பிள்ளை. மடிக்கணினியைத் துடைத்துச் சுத்தம் செய்து வேறு ஒருவருக்குக் கொடுத்து நாலு மாசம் ஆகிறதென்று டிக்கெட் தலையாட்டினார். இவரிடம் காட்டிய அட்டைகளை அவள் ஒவ்வொரு தடவையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒன்றைக்கூட இவர் கேட்டு வாங்கி வைத்ததில்லை.

"ஒரே வழிதான் பாக்கி" என்றார் டிக்கெட். "இந்த எடை அறை மெஷின். கேபிள் சரியில்லன்னு பழைய டிக்கெட் ஒண்ணு கெடக்கு. அப்படின்னா மேல நடந்தது இதுக்குத் தெரிஞ்சிருக்காது. உள்ள பழைய நகல் இருக்கும். அதுக்காகத்தான் நானே எறங்கி வந்தேன். இதுல படம் தெரியுதா?"

இவர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நேத்துதான் தொடச்சேன் சார். நீங்க அம்பு போட்ட எடத்துல எல்லாம் அமுக்கினேன்."

டிக்கெட் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு, "நான்தான் அனுப்பினேன். யோசிக்காம அனுப்பிட்டேன்" என்றார். "நீங்க சொல்லுங்க, எந்தெந்தக் கட்டத்துல என்ன இருந்துச்சுன்னு. வரையறதுக்கு ஆள் புடிப்போம்."

இவர் சொன்னார். மேல் வரிசையில் இடமிருந்து தொடங்கி, லாரியின் முகம், லாரியின் முதுகு, பெட்டி, நாற்காலி என்று, முப்பத்தேழையும் ஒன்றுவிடாமல். நாற்காலிக்கு எத்தனை கால் தெரியும் என்றுகூடச் சொன்னார். டிக்கெட் குனிந்து எழுதிக்கொண்டார். வேறு ஒரு ஆள் வரைகிற லாரி எப்படி இருந்தாலும் அது லாரிதான். இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது. முப்பத்தெட்டாவது வந்ததும் டிக்கெட் பேனாவை மூடினார்.

"மூடறதுக்கு முன்னால அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல ஃபோல்டர மாத்தியிருப்பேன். ஏன் சொல்லாம போனான்னுதான் புரியல."

"சொன்னா சார்" என்றார் எடைக்காரர். "என்கிட்ட சொன்னா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

டிக்கெட் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. தோளில் ஒரு கையை வைத்துவிட்டு மெதுவாகப் படியேறிப் போனார்.

எடை அறைக்கும் மாடிக்கும் நடுவே இருபத்திரண்டு படி. தங்கை ஆஸ்பத்திரியில் அதைச் சொன்ன வாரம் முழுக்க அவர் அந்தப் படிகளின் அடியில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மறதியால் இல்லை. மேலே போய் அதைச் சொன்னால், தங்கை இனி மாடியில் தன் நாற்காலிக்கு வரப்போவதில்லை என்று தன் வாயாலேயே சொன்னதாக ஆகிவிடும். சொன்ன மறுநாளே அவள், "சொல்லிட்டியா?" என்று கேட்டதற்கு, "சொல்லிட்டேன், சொல்லிட்டேன், நீ தூங்கு" என்றார். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு அவள் தெளிவாகப் பேசவில்லை.

அவள் கேட்டது ஆஸ்பத்திரியில், பார்வையாளர் நேரம் முடிகிற சமயம். மாப்பிள்ளை மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். ஊசி ஏறிய கையைப் போர்வைக்கு மேலே வைத்துக்கொண்டு அவள் இவரைக் கிட்டே வரச் சொன்னாள். குரல் காற்றாக வந்தது.

"அண்ணா, எனக்காக ஒண்ணு செய்யணும். படமெல்லாம் என் பேர்ல இருக்கற ஃபோல்டர்ல கெடக்கு. என் கணக்க மூடிட்டா அதுவும் போயிடும். டிக்கெட் சார்கிட்ட சொல்லி, பொது எடத்துக்கு மாத்தச் சொல்லு. நான் மெசேஜ் அனுப்பினேன், படிச்சுக்கூடப் பாக்காம டிக்கெட் போடுங்கன்னு பதில் வந்துச்சு. என்னால இனிமே உக்காந்து எழுத முடியல. நீ போன்ல சொல்லாத. மேல போய், அவர் முன்னால நின்னு சொல்லு. நாளைக்கே சொல்லிடு அண்ணா."